இரும்பை வெளியே வைத்துவிட்டு வரவும்

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கதவில் ஓர் அட்டை தொங்கும். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதி மாட்டியது. இரும்பு எதுவானாலும் வெளியே வைத்துவிட்டு உள்ளே வரவும் என்று இருக்கும். சாவி, பேனா, கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட்டு, ஆணி அடித்த செருப்பு எல்லாம் அந்த 'எதுவானாலும்' என்பதற்குள் அடக்கம். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். திருப்பதியில் மலைமேல் போனால்கூடச் செருப்பை மட்டும்தானே கழற்றச் சொல்கிறார்கள் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்த வயதில் எனக்கு எது வந்தாலும் முதலில் கோபம்தான் வரும்.

எண்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஊரிலுள்ள இயற்பியல்காரர்கள் எல்லாரும் கறுப்பு வில்லை சுட்டுக்கொண்டிருந்தார்கள். இட்ரியம், பேரியம், தாமிரம் கலந்த பொடியை அரைத்து, மாத்திரை போல அழுத்தி, உலையில் சுட்டு எடுத்தால் கரித்துண்டு மாதிரி ஒரு வில்லை கிடைக்கும். அதைத் திரவ நைட்ரஜனில் முக்கிவிட்டால் அதற்குள் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்று அதற்குப் பெயர். என் வேலை அந்த வில்லையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டு, நடுவே மிஞ்சும் பாலத்தை அரத்தால் அராவி அராவி மெலிய வைப்பது. அந்த மெலிந்த இடம்தான் உயிர். கொஞ்சம் ஆசைப்பட்டு இன்னொரு தடவை அராவினால் பாலம் ஒடிந்துவிடும், பல வார வேலை குப்பைக்குப் போகும். ஒடியாமல் நின்றால் அது காந்தத்தை மோப்பம் பிடிக்கிற ஒரு கருவி. ஸ்க்விட் என்போம்.

அதன் மோப்பம் பொல்லாதது. திசைகாட்டி முள்ளைத் திருப்பி நிறுத்துகிற பூமியின் காந்தமே ரொம்பப் பலவீனமானதுதான். அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் எங்கள் ஸ்க்விட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை, உருளும் தாளின்மேல் ஒரு பேனா கோடாக இழுத்துக்கொண்டே போகும். பக்கத்தில் இரும்பு அசையாதவரை கோடு நேராக இருக்கும். வெளியே யாராவது ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனால் துள்ளும். அதற்காகத்தான் அந்த அட்டை. நானே என் ரவிக்கைக் கொக்கிகளைப் பிரித்துவிட்டு நூல் பித்தான் வைத்துத் தைத்திருந்தேன். புடவைக்கு ஊக்கு குத்துவதை விட்டுவிட்டேன். கொண்டை ஊசிக்குப் பதில் நூல் கட்டினேன். விடுதிப் பெண்கள் எனக்குச் சாமி வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

சாமியெல்லாம் வரவில்லை, சிக்கல் நைட்ரஜனில் வந்தது. எங்களிடம் அதைத் தயாரிக்கிற இயந்திரம் கிடையாது. சித்தூரில் கால்நடை ஆஸ்பத்திரிக் கிடங்கில் கிடைத்தது. உயர்ந்த ஜாதிக் காளைகளின் வித்தைச் சின்னச் சின்னக் குச்சிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில்தான் உறைய வைத்திருப்பார்கள். ஊர் ஊராகச் சினை ஊசி போடப் போகிறவர்கள் அலுமினியக் கேனில் அதை எடுத்துப் போவார்கள். எங்கள் பேராசிரியர் அங்கே பேசி, மிச்சத்தில் கொஞ்சம் எங்களுக்கும் ஊற்றித்தர ஏற்பாடு செய்தார். நான் சித்தூர்க்காரி. சனி ஞாயிறு வீட்டுக்குப் போகிறவள். ஆகவே திங்கட்கிழமை காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு, ஆய்வுக்கூடம் இருந்த திருப்பதிக்குப் பஸ் ஏறுவது என் வேலை என்று ஆயிற்று.

கேன் பார்ப்பதற்குப் பால் கேன் மாதிரியே இருக்கும். ஆனால் மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் புகை கசியும். அந்தப் புகையைப் பார்த்தால் சித்தூர் ஜில்லாவில் மாடு வைத்திருக்கிற எவனுக்கும் அது என்னவென்று தெரிந்துவிடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்கிற கதைதான். ஒரு நாள் பூதலப்பட்டு தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது, எதிர் சீட்டில் இருந்த ஒரு விவசாயி கேனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யம்மா, உள்ள இருக்கறது ஜெர்சியா, வேற இன்னா ஜாதி?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஒரு குச்சி குடும்மா. நேத்துலருந்து வூட்ல மாடு சினைக்குக் கத்திக்கினு கீது. நீ எறங்கிப் போட்டுட்டு அடுத்த பஸ்ல போயிடேன்."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் கஷ்டம். பின் சீட்டில் ஒருவன் சிரிக்க, மொட்டையடித்த யாத்திரிகர்கள் விஷயம் தெரிந்துகொண்டு சிரிக்க, கண்டக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எத்துக்கு டிக்கெட் தீஸ்குன்னாவா, அம்மா?" என்றார். காளைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டாயா என்று. பஸ்ஸே குலுங்கியது. எனக்குக் காது மடல் எரிந்தது. எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவள், கல்யாணமாகாதவள், காலடியில் காளை வித்துக் கேனை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சந்திரகிரி வரும்வரை தலை நிமிரவில்லை. திருப்பதியில் இறங்கும்போதுதான் பார்த்தேன், முன் சீட்டில் சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபைப் பொருளாளரின் மனைவி இருந்தார்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவ்வளவு மரியாதையான தலையசைப்பை நான் அதற்குமுன் அவர்களிடம் கண்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து நைனாவிடம் வெடித்தேன். அம்மா தவறிப்போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இருவர்தான். நைனா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைக் கமிட்டியில் இருந்தார். ஞாயிறுதோறும் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர்தான். அவர் குரலுக்காகவே அந்த வேலையை யாரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

"படிப்பும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். இனிமே அந்தக் கேனை நான் தொட மாட்டேன்," என்றேன்.

"தொடாத. நான் கொண்டாந்து குடுக்கறேன்," என்றார்.

நான் ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பாடா என்று இருந்தது.

அப்படித்தான் திங்கட்கிழமைகள் நைனாவுடையவை ஆயின. கிடங்கு வாசலில் காத்திருந்து நிரப்பி, பஸ் ஸ்டாண்டுவரை கேனைத் தோளில் வைத்து நடந்து, திருப்பதியில் இறங்கி, மறுபடி நடந்து, ஆய்வுக்கூட வாசலில் கொண்டுவந்து இறக்குவார். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புகை வருதா பாரும்மா, வருதில்ல?" என்பார். புகை வந்தால் நைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே வந்து பாருங்கள் என்று நான் ஒருநாளும் அழைத்ததில்லை. எனக்கு எப்போதும் அவசரம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கமிட்டி மெம்பர் வாராவாரம் மாட்டாஸ்பத்திரி வாசலில் நிற்கிறாரே என்று சபையில் கேட்டார்கள். மகளின் ஆராய்ச்சிக்கு என்று சொல்ல நைனாவுக்கு வாய் வரவில்லை. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டு வித்து சமாச்சாரத்தில் மகள் பெயர் இதற்குமேலும் அடிபடக் கூடாது என்று நினைத்தார். மீக்கடத்தி என்று விளக்கப் போனாலும் கேட்கிறவர்கள் காதில் காளை மட்டும்தான் விழும். ஆகவே, வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாத மனிதர், பெரிய பொய்யாக ஒன்றைச் சொன்னார். ஒரு பசு வாங்கியிருக்கிறேன் என்றார். எங்கே என்று கேட்டதற்கு, சத்தியவேடு பக்கம் அக்கா மகன் வீட்டில் கட்டியிருக்கிறது என்றார்.

பழக்கமில்லாதவர்கள் பொய் சொன்னால் அதற்குத் தீனி போட்டே ஓய்ந்துபோவார்கள். பசு என்ன நிறம் என்று கேட்டார்கள், செவலை என்றார். சினை நின்றதா என்றார்கள், இன்னும் நிற்கவில்லை என்றார். பின்னே, வாராவாரம் போக வேண்டுமே. முன்னே போட்ட கன்றுக்குப் பால் கறக்கிறது என்று வேறு சொல்லி வைத்திருந்தார். அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் நிலத்திலும் வீட்டிலும் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள், பிறகு அதை ஏலம் விடுவார்கள். பசு வைத்திருக்கிற மனிதர் வெறுங்கையோடு போக முடியாதே. நைனா விடிகாலையில் மார்க்கெட் பக்கம் போய்ப் பால் வாங்கி, அம்மாவின் பித்தளைச் சொம்பில் ஊற்றி, பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார். ஏலத்தில் பொருளாளரின் மனைவி விட்டுக்கொடுக்காமல் கேட்டு அதை எடுத்தார்கள். கமிட்டி அண்ணன் வீட்டுப் பால் என்று மருமகளுக்குப் பாயசம் வைத்துக் கொடுத்ததாக அடுத்த ஞாயிறு எல்லாரிடமும் சொன்னார்கள். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அன்று சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

பிறகு, ஆராய்ச்சியைச் சோதித்துப் பார்க்க வெளியூர் நிபுணர் ஒருவர் வரும் நாள் வந்தது. என் உதவித்தொகையை நீட்டிப்பதா, இத்தோடு நிறுத்துவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். நிறுத்தினால் முடிக்காத ஆராய்ச்சியோடு சித்தூருக்குத் திரும்பி, வருகிற முதல் வரனுக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஒடியாமல் தப்பிய பாலம் ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. ஒரு சின்னக் கம்பிச்சுருளில் மிகக் கொஞ்சமாக மின்சாரம் விட்டு, அந்த அற்பக் காந்தத்தை ஸ்க்விட் கண்டுபிடிப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு முதலில் கோடு நேராக ஓட வேண்டும்.

அன்றைக்கு நைனா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கேனை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பியவரைப் பேராசிரியர் விடவில்லை. இத்தனை நாள் சுமந்தவர், இன்றாவது பார்க்கட்டும் என்று உள்ளே அழைத்துக் கதவோரம் மர ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நைனா அட்டையைப் படித்தார். செருப்பை விட்டார், கடிகாரத்தைக் கழற்றினார், சாவியை வைத்தார். படித்து முடித்துவிட்டும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். நான் உள்ளிருந்து, "சீக்கிரம் வாங்க நைனா," என்றேன்.

கோடு நேராக ஓடியது. நிபுணர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நைட்ரஜன் குறைந்துகொண்டே வரும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். நான் கேனைத் தூக்கப் போனதைப் பார்த்து நைனா பழக்கதோஷத்தில் எழுந்து வந்தார். பேனா துள்ளியது. தாளின் ஓரம்வரை போய் இடித்து நின்றது.

"யார் அசைந்தது?" என்றார் நிபுணர் ஆங்கிலத்தில்.

நைனா பின்னால் நகர்ந்தார். பேனா இறங்கி வந்தது. "பையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சட்டைப்பையைத் துழாவி மூக்குப்பொடி டப்பாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்தார். பேனா மறுபடி துள்ளியது.

"இன்னும் என்னவோ இருக்கு நைனா."

"ஒன்னும் இல்லம்மா. நான் வெளிய போயிடறேன்."

விட்டிருக்கலாம். ஆனால் நிபுணருக்கு ஆர்வம் வந்துவிட்டது. போக வேண்டாம் என்று கைகாட்டினார். இரண்டடி முன்னால் வரச் சொன்னார், பின்னால் போகச் சொன்னார், பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். நைனா சொன்னபடி செய்தார். அவர் முன்னால் வந்தால் பேனா ஏறியது, பின்னால் போனால் இறங்கியது, திரும்பினால் எதிர்ப்பக்கம் ஓடியது. அவ்வளவு அழகான பதிவு அதுவரை எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ ஆத்திரம். என் கம்பிச்சுருள் அப்படியே கிடக்கிறது, நைனா சந்தைமாடு மாதிரி நடந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன வெச்சிருக்கீங்க, சொல்லித் தொலைங்களேன்," என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. நிபுணரைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்குப் பதில் சொல்லும் குரலில், "டிரஸ், சார். ஹெர்னியா டிரஸ்," என்றார்.

எனக்கு அந்தச் சொல் புரியச் சற்று நேரம் பிடித்தது. குடலிறக்கம் உள்ளவர்கள் வேட்டிக்குள் அடிவயிற்றை அழுத்திக் கட்டிக்கொள்கிற பெல்ட்டு அது. உள்ளே எஃகுப் பட்டை வைத்துத் தைத்திருக்கும். கம்பவுண்டருக்குத் தெரியாதா தனக்கு என்ன வந்திருக்கிறது என்று. தெரிந்துதான் கட்டியிருக்கிறார். இந்த நாள் கழியட்டும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறார். கனம் தூக்கக் கூடாது என்று எத்தனை நோயாளிகளுக்கு அவர் சொல்லியிருப்பார்.

"எடுத்து வெச்சிட்டு வரேன்," என்று பக்கத்து அறைக்குப் போனார். வரும்போது இடது கையை வேட்டி முடிச்சுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தார். கேனை நோக்கி வந்தவரை விலக்கிவிட்டு நானே தூக்கினேன். அது எவ்வளவு கனம் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினேன். நைனா சுவரோரம் நின்றார். கோடு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டேன், சின்னதாக ஒரு படி ஏறி இறங்கியது. பிரமாதம் என்றார் நிபுணர். உதவித்தொகை நீண்டது. கையைக் குலுக்கினார்கள். எனக்குத் தாளில் தெரிந்ததெல்லாம் அந்த நேர்கோடுதான். அதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. வெட்கம் என்றால் பஸ்ஸில் பட்டதுதான் வெட்கம் என்று நினைத்திருந்தேன். அது ஒன்றுமே இல்லை.

அந்த வாரமே சித்தூரில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். சபைப் போதகரான ஐயர் ஜெபம் பண்ணினார். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் மேஜையில் சேர்ந்தன. பொருளாளரின் மனைவி கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மாடு ஒதைச்சிடுச்சாமே அண்ணா? கோயில்ல சொல்லிக்கினு இருந்தாங்க."

நைனா கூரையைப் பார்த்தார். "ஒதைக்கலம்மா. அது சாது."

"செவலைங்கள நம்பக் கூடாது. வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அண்ணா மாடு?"

அந்தச் செவலையை நைனா அந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காமல் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. என்னால் வந்தது எல்லாம், அதைச் சுமந்துகொண்டு இவர் இங்கே படுத்திருக்கிறார், இன்னும் எனக்காக ஒரு மாட்டைக் கட்டி மேய்க்கிறார். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றேன்.

"மாடே இல்ல, அத்தே. அந்தக் கேன் எனக்கு. என் ஆராய்ச்சிக்கு. நான்தான் தூக்கணும். பஸ்ல சிரிக்கறாங்கன்னு நைனா தலைல கட்டிட்டேன். அதனால வந்தது இது."

சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒரு கணம் என்னைப் பற்றி எனக்கே பெருமையாகக்கூட இருந்தது. பொருளாளரின் மனைவி யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்கள்.

"அப்ப பண்டிகைக்கு வெச்ச பாலு?"

பலிபீடத்தின் முன்னால் வைத்த பால் அது. கூட்டத்தில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஐயர் வேதப்புத்தகத்தை மாற்றிப் பிடித்தார். அப்போதுதான் நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். வேதபாடம் வாசிக்கும் மனிதர், சபை முழுக்கச் சுற்றி நிற்க, தையல் இழுக்கும் என்றும் பாராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க முயன்றுகொண்டிருந்தார். திருப்பதியில் அந்நியர் நடுவே நான் அவரைக் கழற்றச் சொன்னது இரும்புப் பட்டையை. இங்கே அவர் ஆட்கள் நடுவே மிச்சம் இருந்ததையும் கழற்றிவிட்டேன்.

எல்லாரும் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். நான் சாத்துக்குடியை உரித்தேன். நைனா வாங்கிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடியே, கோபமில்லாத குரலில் சொன்னார்.

"மாட்டை வித்துட்டோம்னு சொல்லியிருக்கலாமேம்மா."

சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.